பழைய போன் விக்க வந்தா வீட்டுக்குப் போன் போடணும்

முதலாளி பாய் என்னைக் கூப்பிட்டு, "ரோசலின், புதுசா வந்த பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா"ன்னார். இருபது வருஷம் ஒரே கடையில ஒண்ணா இருந்தும் அந்த மனுஷனுக்கு என்னைப் பத்தித் தெரியல பாருங்க. நாலு வார்த்தையோட நிறுத்துற பொம்பளையா நான்? உங்க மூணு பேருக்கும் டீ சொல்லியிருக்கேன், சமோசாவும் வருது. அது பாய் கணக்கு, வெக்கப்படாம சாப்பிடுங்க.

திங்கட்கிழமையிலேர்ந்து நான் உக்காந்த கவுண்டர்ல நீங்க உக்காரப் போறீங்க. பழைய போனை விலைக்கு வாங்குற கவுண்டர் இது. விக்கிற கவுண்டர் அந்தப் பக்கம். கண்ணாடி ஷோகேஸ், கலர் லைட்டு, ஏசி எல்லாம் அவங்களுக்கு. நமக்கு ஒரு ஃபேன் இருக்கு. அது ரெண்டாம் நம்பர்ல சுத்தும், மத்த நம்பர்ல சத்தம் மட்டும் போடும். ஆனா கடையோட மானம் இந்த ஃபேனுக்குக் கீழதான் இருக்கு. தப்பான போன் இந்த வழியா உள்ள வந்துச்சின்னா, அப்பால நீங்க எவ்ளோ துடைச்சி, எவ்ளோ அழகா டெம்பர் கிளாஸ் ஒட்டி வச்சாலும் அது தப்பான போன்தான்.

பழைய போன் வாங்குறதுக்கு முன்னாடி இன்னா இன்னா பாக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்ல. நீங்க வீடியோ பாத்தே வளந்த புள்ளைங்க. போனோட பதினைஞ்சு இலக்க ஐஎம்இஐ நம்பரை எடுத்து திருட்டு லிஸ்ட்ல இருக்குதான்னு பாக்கணும். வெள்ளை ஸ்க்ரீன் வச்சி டிஸ்ப்ளே மாத்தினதான்னு பாக்கணும். பேட்டரி உப்பியிருக்கா, சிம் தட்டுக்குள்ள இருக்குற ஸ்டிக்கர் தண்ணி பட்டு செவந்திருக்கா, பழைய ஆளோட அக்கவுண்ட்டு போன்லேர்ந்து வெளிய போச்சா, இதெல்லாம் தாஸ் சொல்லித் தருவார். ரிப்பேர் ரூம்ல சூடு காத்து ஊதுற ஹீட் கன்னோட குடும்பம் நடத்துறாரே, அவர்தான். வாங்க வர்ற கஸ்டமருக்கு இந்தக் கவலை ஒண்ணும் கிடையாது. பின்பக்கம் எத்தனை கேமரான்னு எண்ணுவான், ஒரு செல்ஃபி எடுப்பான், அதைப் பாத்து தலையைக் கோதிப்பான், "கண்டிஷன் சூப்பர்க்கா"ன்னுவான். போன் கண்டிஷனைச் சொல்றானா, தலைமுடி கண்டிஷனைச் சொல்றானான்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

நான் சொல்ல வந்தது வேற. இந்தக் கவுண்டர்ல நான் ரெண்டு பெரிய தப்பு பண்ணியிருக்கேன். சின்னத் தப்பு எத்தனைன்னு பாய் சொல்லுவார், அவர் மறக்க மாட்டார். முதல் பெரிய தப்புல என் மானம் போச்சு. ரெண்டாவது தப்புல ஒரு பொண்ணோட உயிரே போயிருக்கும். அந்த ரெண்டாவது விஷயம் இன்னும் முடியல. அதனாலதான் உங்களை உக்கார வச்சிப் பேசிகினு இருக்கேன்.

முதல் தப்பு, டச் போன் ஊருக்குள்ள வர ஆரம்பிச்ச சமயம். ஒரு பையன் போன் விக்க வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வச்சி வாரின தலை. நான் போனைப் பாக்கல, அவன் மூஞ்சியைப் பாத்தேன்.

"எந்த ஏரியாப்பா?"

"கோரமண்டல்க்கா."

"கோரமண்டல்ல எந்த லைன்?"

சொன்னான்.

"அந்த லைன்ல யார் வீடு?"

தாத்தா பேரைச் சொன்னான். அவ்ளோதான், எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. "அட, நீ அவர் பேரனா! உங்க பெரியம்மா என் கூட கொயர்ல பாடினவங்கடா"ன்னு டீ வாங்கிக் குடுத்து, போனைத் திருப்பிக் கூடப் பாக்காம எடுத்துக்கினேன். சுரங்கத்துக்காரங்களுக்குக் கட்டின லைன் வீடுங்கள்ல வளந்த நம்ம ஊர்ல இது ஒரு கெட்ட பழக்கம். பெங்களூர்காரன் பத்து பேப்பர் கேப்பான், நாம தாத்தா பேரைக் கேப்போம். லைன், சபை, யார் வீடு, இந்த மூணுக்கும் பதில் வந்துடுச்சின்னா ஆதார் கார்டு கேக்கக் கூட நமக்குக் கூச்சமா பூடும். நம்ம புள்ளையைப் போய் சந்தேகப்படறதான்னு தோணும்.

மூணாம் நாள் எங்க சபை ஆன்ட்டி ஒருத்தங்க சார்ஜர் வாங்க வந்தாங்க. ஷோகேஸைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. "ஏண்டி ரோசலின், ரெண்டாவது தட்டுல இருக்குறது என் போனுடி. பங்காரபேட்டையில ரயில் ஏறும்போது காணாப் போனது. என் போனை எனக்கே விலை ஒட்டி வச்சிருக்கியா?"ன்னாங்க. போனோட மூலையில அவங்க பேரோட முதல் எழுத்து, செவப்பு நெயில் பாலிஷ்ல எழுதியிருந்துச்சு. நான்தான் அதை ஏதோ டிசைன்னு நினைச்சி நல்லா துடைச்சி வச்சிருக்கேன். அந்த ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பத்து கட்டளையைப் பத்தி. பாஸ்டர் நல்ல மனுஷர், முழு பிரசங்கத்துலயும் என் பக்கம் திரும்பவே இல்ல. அவர் திரும்பாததை சபை மொத்தமும் கவனிச்சது.

இதுல வேடிக்கை, அந்தப் பையன் ஒரு பொய்யும் சொல்லல. அவர் பேரன்தான், அந்த லைன்தான், அந்த வீடுதான். போன் மட்டும்தான் அவனுது இல்ல. அதை நான் கேக்கல, அவனும் சொல்லல.

அந்த அவமானத்துலதான் என் ரூல் பொறந்துச்சு. விக்க வர்றவர் கையிலேயே போனைக் குடுக்கணும். அவரே திறக்கணும். அதுலேர்ந்தே வீட்டுக்கு ஒரு போன் போடணும், ஸ்பீக்கர்ல. எதிர்ல எடுக்குற குரல்லயே எல்லாம் தெரிஞ்சிடும். சொந்தப் போனா இருந்தா வீட்டுல யாரும் 'ஹலோ' சொல்றதில்ல, எடுத்த உடனே சண்டைதான். "இன்னாடா, கேஸ் புக் பண்ணியா இல்லியா?"ன்னு ஒரு அம்மா கேட்டா, போன் அவனுது. எழுதிக்கோ. "யாருங்க பேசறது? இந்தப் போன் காணாப் போயி ஒரு வாரம் ஆச்சே"ன்னு வந்தா, பாயைக் கூப்பிடு. ஒரு தடவை ஒருத்தர் பொண்டாட்டி எடுத்து, "போனை விக்கிறியா? டிவியை வித்தது பத்தலியா?"ன்னு ஆரம்பிச்சது, கால் மணி நேரம் கடையே நின்னு கேட்டுச்சு. சொந்தக்காரர்தான்னு சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் போனை வாங்க எனக்கு தைரியம் வரல.

ஃபேக்டரியில பெரிய வேலையில இருக்குறவர் ஒருத்தர், வீட்டுக்குப் போன் போடச் சொன்னதும் எகிறினார். "நான் யாருன்னு தெரியுமா?"ன்னார். "தெரியலிங்க சார், அதுக்குத்தான் போடச் சொல்றேன்"னேன். போட்டார். அவர் அம்மா எடுத்து, ஊரே மரியாதையாக் கூப்பிடுற அந்த மனுஷனை வீட்டுல கூப்பிடுற செல்லப் பேர்ல கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் அவர் பேரம் கூடப் பேசல.

ஊருக்குள்ள எனக்குப் பேர் வந்துடுச்சு. 'வீட்டுக்குப் போன் போடு அக்கா'ன்னா ஆட்டோக்காரன் கூட கடை வாசல்ல இறக்கி விடுவான். ஆண்டர்சன்பேட்டையில ரெண்டு கடையில என்னைப் பாத்து இதே ரூலைப் போட்டாங்க. பேட்டி எடுக்க யாரும் வரல, அது ஒண்ணுதான் குறை. வருஷக்கணக்கா ஒரு திருட்டுப் போன் கூட இந்தக் கவுண்டரைத் தாண்டல. எனக்கும் தலைக்கனம் ஏறிகினே இருந்துச்சு, அதைச் சொல்ல யாரும் இல்ல.

இப்ப ரெண்டாவது தப்பு. டீ ஆறுது பாருங்க, குடிங்க.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில நானும், உள்ள தாஸும்தான். ஒரு பொண்ணு வந்தா. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். அவ பேரை உங்க கிட்ட சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. கையில ஒரு சாப்பாட்டுப் பை. அதுக்குள்ளேர்ந்து போன், டப்பா, பில், ஆதார் காப்பி எல்லாத்தையும் எடுத்து வரிசையா வச்சா. பில்லு அவ பேர்ல. ஆதாருல அதே பேர். பதினைஞ்சு நம்பரும் டப்பாவுல இருக்குறதும் ஒண்ணு. இவ்ளோ ஒழுங்கா பேப்பர் கொண்டு வந்த ஆளை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. என் புத்தி இருக்கே, ஒழுங்கா இருக்குதேன்னே சந்தேகப்பட்டுச்சு.

ரிஜிஸ்டர்ல எழுதச் சொன்னேன். எழுதினா. நம்பர் எழுதுற இடத்துல பேனா நின்னுச்சு. "வேலை செய்யுற நம்பர் எழுதணும்மா, ரூல்"னேன். பையிலேர்ந்து ஒரு துண்டுச் சீட்டைப் பாத்து ஒரு நம்பரை எழுதினா. புது சிம், அவளுக்கே மனப்பாடம் ஆகல.

"போனை ஆன் பண்ணு"ன்னேன். அது ஆஃப்ல இருந்துச்சு. ஆன் பண்ணி, விரலை வச்சித் திறந்தா. "எல்லாத்தையும் அழிச்சிடுங்கக்கா. ஒண்ணு விடாம"ன்னா.

"அழிக்கலாம். முதல்ல வீட்டுக்கு ஒரு போன் போடும்மா."

"வேணாங்க்கா."

"வேணாம்னா எப்படி? கடை ரூல்."

"பில்லு என் பேர்ல இருக்குதேக்கா. கார்டு குடுத்தேன். வேற இன்னா வேணும்?"

"வீட்டுல எடுக்கட்டும், ரெண்டு வார்த்தை பேசட்டும், அவ்ளோதான்."

"வீட்டுல யாரும் இல்ல"ன்னா.

இங்கதான் நான் பண்ணதை நீங்க நல்லா கவனிக்கணும். எதிர்ல ஒரு பொண்ணு, எல்லா பேப்பரும் சரியா வச்சிகினு, மூணு தடவை வேணாம்னு சொல்றா. எதுக்கு வேணாம்ன்றான்னு நான் யோசிச்சிருக்கணும். நான் யோசிச்சது, என் ரூலையே மறுக்குறாளேன்னு. போன் என் கையில, திறந்த நிலையில. நம்பர் லிஸ்ட்ல 'வீடு'ன்னு ஒண்ணு இருந்துச்சு. அமுக்கினேன். ஸ்பீக்கர்ல போட்டேன். பெரிய துப்பறியுற மூஞ்சி எனக்கு.

ஒரு ரிங் முழுசா போகல. "எங்கடி கீறே?"ன்னு ஒரு ஆம்பளைக் குரல்.

நான் கடைப் பேரைச் சொன்னேன். உடனே குரல் மாறிடுச்சு. எவ்ளோ மரியாதை, எவ்ளோ பணிவு! "அப்படிங்களாக்கா. அது என் மிஸஸ்தாங்க. சின்ன மனஸ்தாபம், கோவிச்சிக்கினு வந்துட்டா. எங்கம்மா நாலு நாளா சரியா சாப்பிடக் கூட இல்ல. கடை எந்த இடத்துலக்கா?"ன்னார். நானும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுல எந்தச் சந்து, பக்கத்துல இன்னா கடை, பைக் எங்க நிறுத்தலாம் வரைக்கும் சொன்னேன். பைக் நிறுத்துற இடம் வரைக்கும்! "உக்கார வைங்கக்கா, டீ வாங்கிக் குடுங்க, நான் காசு தரேன். பத்து நிமிஷத்துல வந்துடறேன்"ன்னார்.

போனை வச்சிட்டு, ஒரு குடும்பத்தைச் சேத்து வச்ச சந்தோஷத்துல நிமிர்ந்து பாத்தேன்.

அந்தப் பொண்ணு அழல. வாசலைப் பாத்துகினு இருந்தா. அப்புறம் மெதுவா, "நாலு நாளா அதை ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்க்கா. விக்கணும்னா ஆன் பண்ணித்தானே ஆவணும்னு உங்க கடைக்குள்ள வந்துதான் ஆன் பண்ணேன்"ன்னா. துப்பட்டாவைக் கழுத்துலேர்ந்து கொஞ்சம் ஒதுக்கிக் காட்டினா. நான் பாத்ததை உங்களுக்கு விவரமா சொல்லப் போறதில்ல. கையால கழுத்தைப் பிடிச்சா எந்த இடத்துல விரல் பதியும்னு உங்களுக்கே தெரியும்.

கடிகாரத்தைப் பாத்தேன். பத்து நிமிஷம். அதுல ஒண்ணு ஏற்கெனவே போயாச்சு.

தப்பு பண்ணவங்க உடனே இன்னா பண்ணுவாங்க தெரியுமா? அதிகாரம் பண்ணுவாங்க. நானும் பண்ணேன். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம் வா, நான் வரேன். இல்லியா, கோலாருக்கு பஸ் ஏறிடு. அதுவும் இல்லியா, என் வீட்டுச் சாவி இந்தா, கோரமண்டல்ல எந்த லைன்னா..."ன்னு அடுக்கிகினே போறேன். அவ என் கையைப் பிடிச்சி நிறுத்தினா.

"அக்கா, இது வரைக்கும் நீங்க பண்ணதே போதும். கோர்ட்டுல மனு குடுத்தாச்சு. தேதி சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் நான் உயிரோட இருக்கணும்ல? எங்க போறேன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். காசைக் குடுங்க, போனை அழிங்க. பின்னாடி வழி இருக்கா?"

அவளே அக்கவுண்ட்டை வெளிய எடுத்தா. ஒரு தப்பு பட்டனை அமுக்கல. போன் லாக்கோட நம்பரை பில்லுக்குப் பின்னாடி எழுதினா. சிம்மை உருவி ரெண்டா ஒடிச்சா. நான் காசையும் ஒரு பட்டன் போனையும் அவ பையில திணிச்சேன். தாஸ் எல்லாத்தையும் கேட்டுகினுதான் இருந்தார் போல, ரிப்பேர் ரூமுக்குப் பின்னாடி அடுக்கி வச்ச அட்டைப் பெட்டிங்களைத் தள்ளி கதவைத் திறந்தார். அது பூக்கடைச் சந்துல போய் விழுற வழி. போறப்போ அவ திரும்பிப் பாக்கல. நன்றியும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்?

அந்த நல்லவர் பத்து நிமிஷம்னார், ஏழு நிமிஷத்துல வந்துட்டார். நான் சொன்ன இடத்துலயே பைக்கை நிறுத்தினார். மடிப்பு கலையாத சட்டை, சிரிச்ச மூஞ்சி. "வணக்கம்க்கா"ன்னு உள்ள வந்தார். எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு, எவ்ளோ நேரம் இவரை இங்க நிறுத்துறோமோ அவ்ளோ தூரம் அவ போவா. அதனால என்னோட ரூல் எல்லாத்தையும் அவர் தலையில கட்டினேன்.

"நீங்கதான் வீட்டுக்காரர்னு எனக்கு எப்படிங்க தெரியும்? கார்டு குடுங்க."

குடுத்தார். எழுத்து எழுத்தா படிச்சேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேன். மறுபடி படிச்சேன்.

"கல்யாண போட்டோ எதனா இருக்குங்களா?"

அவர் போன்ல இருந்துச்சு, காட்டினார். நூறு போட்டோ இருக்கும், ஒவ்வொண்ணா பாத்து, "இது யாரு, சித்தப்பாவா?"ன்னேன். பொறுமையாச் சொன்னார்.

"உங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க"ன்னேன்.

போட்டார். அவங்க அம்மா எடுத்தாங்க. "சாப்டியாப்பா? கெடச்சாளா?"ன்னாங்க. நான் பேசினேன். "நீங்க நல்லா இருக்கணும்மா, உங்க புள்ளகுட்டிங்களைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார். அவளை மட்டும் அனுப்பி வைங்க, வீட்டுல வச்சிப் பேசிக்கிறோம்"னாங்க. அவ்ளோ வாஞ்சையான குரல்.

என் டெஸ்டுல ஃபுல் மார்க். இத்தனை வருஷத்துல அவ்ளோ நல்லா யாரும் பாஸ் பண்ணதில்ல. அந்தப் பொண்ணு ஃபெயில், இவர் பாஸ். அந்த டெஸ்டைத்தான் நான் ஊர் முழுக்க பெருமையா சொல்லிகினு திரிஞ்சிருக்கேன். இன்னொண்ணும் சொல்றேன், வெக்கத்தை விட்டு. அந்த அம்மாவோட குரலைக் கேட்ட ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அந்தப் பொண்ணு ஏதாவது கதை விட்டாளோ, நல்ல குடும்பத்தைப் பிரிச்சிட்டோமோன்னு. கழுத்தைக் கண்ணால பாத்த அப்புறமும்.

அப்பதான் அவர் ஒரு காரியம் பண்ணார். கவுண்டர் மேல அவ போன் இருந்துச்சு, இன்னும் அழிக்கல. பேசிகினே அதைக் கையில எடுத்தார். பாக்கக் கூட இல்ல, கட்டைவிரலை வச்சார். போன் திறந்துகிச்சு.

அவ போன். அவர் விரல்.

நான் வாங்கி, செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தேன். விரல் ஒண்ணு, விரல் ரெண்டுன்னு இருந்துச்சு. "ஒண்ணாவது விரல் யாரோடதுங்க?"ன்னேன், சும்மா கேக்குற மாதிரி. "என்னுதுதாங்க. நான்தானே செட் பண்ணிக் குடுத்தேன். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது"ன்னு சிரிச்சார். அவ பேர்ல பில்லு இருக்குற போன்ல அவ ரெண்டாவது ஆளு. வந்து இவ்ளோ நேரம் ஆச்சு, அவ எப்படி இருக்கா, சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை இவர் வாயிலேர்ந்து வரலன்னும் அப்பதான் எனக்கு உறைச்சது.

பில்லைத் திருப்பி, அவ எழுதிக் குடுத்த நம்பரைப் போட்டு, அவர் எதிர்லயே மொத்தத்தையும் அழிக்குற பட்டனை அமுக்கினேன். "இன்னாக்கா பண்றீங்க?"ன்னார். "கடைப் பொருளுங்க. வித்துட்டாங்க. அழிச்சிட்டுத்தான் தட்டுல வைப்போம்"னேன்.

"அவ எங்க போனா?"

"தெரியாதுங்க."

அந்தப் பொண்ணு எவ்ளோ புத்திசாலின்னு அப்பதான் புரிஞ்சுது. எனக்கு நிஜமாவே தெரியாது. தெரிஞ்சிருந்தா என் மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும்.

அவர் சிரிப்பு போச்சு. கவுண்டர் மேல ரெண்டு கையையும் ஊனிகினு, ரொம்ப மெதுவா, "உங்க வீடு எந்த லைன்க்கா?"ன்னார்.

நான் பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல ஆயிரம் பேர் என்னைக் கேட்டிருக்காங்க. நானும் ஆயிரம் பேரைக் கேட்டிருக்கேன். அன்னிக்குத்தான் அந்தக் கேள்விக்கு எனக்கு வேர்த்துச்சு. தாஸ் உள்ளேர்ந்து வந்து என் பக்கத்துல நின்னார், ஹீட் கன் கையில இருந்துச்சு, அதை வச்சி இன்னா பண்ணப் போறார்னு அவருக்கே தெரியாது. பாயும் தொழுகை முடிச்சி நாலு பேரோட வாசல்ல வந்தார். அந்த நல்லவர் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டு பைக்கை எடுத்தார். கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷன்ல ரயில் ஏறி பெட்டி பெட்டியா பாத்தார்னு அப்பால கேள்விப்பட்டோம். அங்க அவ இல்ல.

அன்னிக்கு சாயங்காலமே பாய் கிட்ட எல்லாத்தையும் சொல்லி, ரூலை எடுத்துடறேன்னேன். பாய் ஒண்ணும் திட்டல. ரெண்டு திட்டு திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். அதனால நீங்க வீட்டுக்குப் போன் போடச் சொல்லக் கூடாது. யாராவது தானா போட்டா போடட்டும். பில்லு இருக்கா, கார்டு இருக்கா, நம்பர் சுத்தமா இருக்கா, எழுதிக்கோ, வாங்கு. பேப்பர் சரியா இருக்குற ஆள் ஒரு விஷயத்தை வேணாம்னு சொன்னா அதோட விட்டுடு. ஆஃப்ல இருக்குற போனை யாராவது நீட்டினா, ஆன் பண்ணலாமான்னு அவங்களைக் கேளு. பொண்ணுங்க விக்க வந்தா, உள்ள எத்தனை விரல் பதிஞ்சிருக்குன்னு அவங்களுக்கே காட்டு. பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. இதைக் காட்டி நான் நாலஞ்சு பேர் மூஞ்சி மாறுறதைப் பாத்திருக்கேன்.

இப்ப கடைசி விஷயம். சமோசாவைக் கீழ வைங்க.

அவர் இன்னும் வரார். மாசத்துக்கு ஒரு தடவை, சில மாசம் ரெண்டு தடவை. சண்டை போட மாட்டார். டெம்பர் கிளாஸ் வாங்குவார், போன மாசம் இயர்போன் வாங்கினார், பேரம் கூடப் பேசல. போகும்போது, "அவ எதனா வந்தாளாக்கா, அம்மா முடியாம இருக்காங்க"ன்னு கேப்பார். சில நாள் அம்மாவையே போன்ல பேச வைப்பார். ஒவ்வொரு தடவையும் எனக்கு முதல்ல பயம் வரும், அப்புறம் ஒரு நிம்மதி வரும். இன்னும் கேக்குறார்னா, இன்னும் கெடைக்கலன்னு அர்த்தம். அவளைப் பத்தி எனக்கு வர்ற தகவல் அது ஒண்ணுதான்.

திங்கட்கிழமையிலேர்ந்து நான் இருக்க மாட்டேன். கவுண்டர்ல புது மூஞ்சியைப் பாத்தா அவருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். உங்களைத் தம்பின்னுவார், தங்கச்சின்னுவார். எந்த லைன்னு கேப்பார், நீங்க சொன்னா உங்க மாமாவைத் தெரியும்பார், தெரிஞ்சே இருக்கும். "பழைய ரிஜிஸ்டர்ல ஒரு நம்பர் பாத்துச் சொல்லுப்பா"ன்னு ஒரு நாள் கேப்பார். நீங்க நல்ல புள்ளைங்க, உதவுற மனசு. அதுதான் எனக்கு பயம். ரிஜிஸ்டர் பீரோவுல இருக்கு, சாவி பாய் கிட்ட. போலீஸ்லேர்ந்து எழுத்துல வந்தா பாய் காட்டுவார். புருஷன் கேட்டா கிடையாது, அண்ணன் கேட்டா கிடையாது, பாஸ்டரே வந்து கேட்டாலும் கிடையாது.

அந்த ரிஜிஸ்டர்ல அவ எழுதின நம்பர் இருக்கு. என்னை நம்பி எழுதல, ரூல்னு நான் அதட்டினதுக்கு எழுதினது. எனக்கு அது மனப்பாடம். ஒரு தடவை போட்டு, மன்னிச்சிடும்மான்னு ஒரு வார்த்தை சொல்லணும், நல்லா இருக்கியான்னு கேக்கணும்னு எத்தனையோ நாள் பத்து நம்பரையும் அடிச்சி வச்சிகினு உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் போடல. நீங்களும் போடாதீங்க. தெரியாத நம்பர்லேர்ந்து போன் அடிச்சா அவ முதல்ல கதவைத்தான் பாப்பா. எனக்கு மனசு ஆறணும்ன்றதுக்காக அவ கையில போன் அடிக்கக் கூடாது.